பர்வீன் மேடம் நிறுத்திவைத்த விமானம்

பர்வீன் மேடத்தின் தம்பி சலீம் போன் செய்தபோது நான் முந்திரித் தோப்பில் நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் மருந்தடிக்கும் இயந்திரம் இரைந்ததால் அவர் சொன்னது முதலில் காதில் விழவில்லை. ஆளை நிறுத்தச் சொல்லிவிட்டு மறுபடி கேட்டேன்.

“அண்ணே, அக்கா மவுத்தாயிட்டாங்க. காலையில தூங்கிக்கினு இருக்காங்கன்னுதான் நெனைச்சோம். எழுப்பப் போனா... லுஹர் தொழுகைக்கு அப்புறம் அடக்கம். வந்துடுங்க.”

கைகால் கழுவிக்கொண்டு அப்படியே கிளம்பினேன். எங்கள் ஊர் காடாம்புலியூரிலிருந்து நெய்வேலி பக்கம்தான். ஆனால் அன்று அந்தச் சாலை நீண்டுகொண்டே போனது. சலீமின் குவார்ட்டர்ஸ் வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். சலீம் சுரங்கத்தில் பர்மனென்ட் தொழிலாளி என்பதால் ஷிஃப்ட் முடிந்தவர்கள் சீருடையோடே வந்து உட்கார்ந்திருந்தார்கள். என் பக்கத்து நாற்காலியில் இருந்தவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“சலீமோட அக்கா ஏர்ஃபோர்ஸ்ல இருந்தாங்களாமே, பைலட்டுங்களா?”

“இல்லீங்க. இன்ஜினியர். விமானத்தைப் பராமரிக்கிற பிரிவு.”

“ஓ... அப்ப பறக்கறது இல்லையா” என்றார். கொஞ்சம் ஏமாற்றம் தெரிந்தது.

அவர்மீது எனக்குக் கோபம் இல்லை. அடக்கம் நடக்கிற இடத்தில் நீளமாகப் பேச முடியாது என்பதால் சும்மா இருந்துவிட்டேன். அன்று அவருக்குச் சொல்லாமல் விட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். பர்வீன் மேடத்தைச் சலீமின் அக்காவாக மட்டும் அறிந்த நெய்வேலிக்காரர்களுக்காகவும், ‘விழாவைத் தள்ளிப்போட வைத்த அதிகாரி’யாக மட்டும் நினைவு வைத்திருக்கும் என் பழைய படைத் தோழர்களுக்காகவும்.

விங் கமாண்டர் பர்வீன் நெய்வேலி டவுன்ஷிப்பில் பிறந்து வளர்ந்தவர். அவருடைய அப்பா, வீட்டில் எல்லோருக்கும் அத்தா, சுரங்கத்தில் பம்ப் பிரிவில் வேலை செய்தவர். நிலக்கரிக்கு அடியில் இருக்கும் தண்ணீரை இரவும் பகலும் இறைத்துக்கொண்டே இருந்தால்தான் அங்கே வேலை நடக்கும். “பம்பு ஓடுற வரைக்கும் எங்க அத்தா பேரு யாருக்கும் தெரியாது. நின்னாதான் தெரியும். நம்ம வேலையும் அதேதான் அண்ணே” என்று ஒருமுறை சொன்னார். மற்றவர்கள் முன்னால் நான் அவருக்கு ‘மிஸ்டர் கலிவரதன்’. தமிழில் பேசக் கிடைத்தால் ‘அண்ணே’. வடக்கே, எங்கும் கோதுமை வயலாகக் கிடந்த அந்தத் தளத்தில் தமிழ் பேச எங்கள் இருவருக்கும் வேறு ஆள் இல்லை.

நான் அப்போது வாரண்ட் ஆபீசர். தரையில் எஞ்சினை ஓட்டிச் சோதிக்கும் அனுமதி பெற்றவன். மேடம் எங்கள் பராமரிப்புப் பிரிவின் தலைமைப் பொறியாளர். ரேடாரின் கண்ணுக்குத் தப்பிப் பறக்கும் புதிய போர் விமானங்கள் எங்கள் தளத்துக்குத்தான் முதலில் வந்து இறங்கின. நாங்கள் அதுவரை பார்த்த விமானங்கள் வேறு, இது வேறு. உடம்பில் ஒரு திருகுகூட வெளியே தெரியாது. அந்த வழவழப்பில்தான் அதன் உயிர் இருந்தது. உள்ளே எதையாவது பார்க்க ஒரு மூடியைத் திறந்தால், திரும்ப மூடி, விளிம்பில் பசை பூசி, அது காய்ந்து, மேலே பூச்சு ஏற்றி, அளவெடுத்து முடிக்கப் பல நாள் ஆகும். நகம் அளவு மேடு பள்ளம் இருந்தாலும் ரேடாரில் தெரிந்துவிடும். அதனால் ‘அவசியம் இல்லாமல் தோலைத் திறக்காதே’ என்பதே எங்களுக்கு முதல் பாடம்.

அந்த விமானங்களைப் படையில் சேர்க்கும் விழாவுக்கு நாள் குறித்தாயிற்று. பெரிய தலைவர்கள் வருகிறார்கள், நேரடி ஒளிபரப்பு, மேடை, கொடி, கூடாரம். தளம் முழுக்க வெள்ளையடித்தார்கள். விழாவில் பறக்கவேண்டிய விமானங்களில் ஒன்றுக்கு மட்டும் இரண்டு இருக்கைகள். அதை ஓட்டவிருந்தவர் ஸ்குவாட்ரன் லீடர் நிகில். மராட்டியப் பிள்ளை, நல்ல கைகாரர், எங்களைக் கண்டால் முதலில் வணக்கம் வைப்பவர்.

ஒத்திகை நடந்த ஒரு காலையில் நிகில் அழகாகத்தான் தரையிறக்கினார். எல்லோரும் கட்டைவிரலை உயர்த்தினோம். ஏணியில் இறங்கி வந்து கையுறையைக் கழற்றப் பார்த்தார். மணிக்கட்டில் இருக்கிற பட்டையை அவர் விரல்கள் தேடின. தேடிக்கொண்டே இருந்தன. என் கண்ணிலும் அது பட்டது. நான் களைப்பு என்று நினைத்தேன். மேடம் அவரிடம் போய்த் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தார்.

“எப்படி இருந்தது?”

“நன்றாக இருந்தது, மேடம். ராத்திரி சரியாகத் தூங்கவில்லை, அவ்வளவுதான்.”

“நிகில், சக்கரத்தை இறக்கினீர்களே, அது ஞாபகம் இருக்கிறதா?”

அவர் சிரிக்கப் பார்த்தார். பிறகு விமானத்தின் சக்கரத்தைத் திரும்பிப் பார்த்தார். அவர் முகம் வெளுத்துப் போவதை நான் அருகில் நின்று பார்த்தேன்.

“இல்லை, மேடம்” என்றார் கடைசியில். “இறக்கியிருக்கிறேன். ஆனால் ஞாபகம் இல்லை.”

மருத்துவப் பிரிவில் அவரைப் பரிசோதித்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. விமானத்தைச் சோதித்தோம்; கருவிகள் எல்லாம் சரி என்றே காட்டின. அதற்குள் பேச்சு கிளம்பிவிட்டது. நிகில் பயந்துவிட்டான், பெரிய விழா என்றதும் நரம்பு தளர்ந்துவிட்டது, அவனை மாற்றிவிட்டு வேறு விமானியை உட்கார வைத்தால் தீர்ந்தது என்று. மறுநாள் கூட்டம் கூட்டினார்கள். எஞ்சின் குறிப்புகளைச் சொல்வதற்காக என்னையும் அழைத்திருந்ததால் சுவரோரம் நின்றிருந்தேன்.

மேலிடத்திலிருந்து வந்திருந்த உயர் அதிகாரி மேடத்தைப் பார்த்து ஒரே கேள்வி கேட்டார். “இந்த விமானம் பாதுகாப்பானதா? ஆம் அல்லது இல்லை.”

“தெரியாது, சார்.”

அதிகாரி கையிலிருந்த பேனாவை மேசைமேல் வைத்தார்.

“தெரியாது என்றால் என்ன அர்த்தம்?”

“தெரியாது என்றால் பறக்கக்கூடாது என்று அர்த்தம், சார்.”

“உங்களிடம் ஆதாரம் இருக்கிறதா? ஒரு விமானியின் கையுறையைத் தவிர?”

“இல்லை, சார். தேட அனுமதி வேண்டும். மூடிகளைத் திறக்கவேண்டும்.”

திறந்தால் விழாவுக்குள் மூட முடியாது என்பது அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். ஆதாரம் இல்லாமல் திறக்கக்கூடாது என்று சொல்லிவிட்டு அந்த அதிகாரி எழுந்தார். வேறு விமானியோடு ஒத்திகை தொடரலாம் என்றும் முடிவாயிற்று. அதற்கும் மேடத்தின் கையெழுத்து வேண்டும். மேடம் ஒரு நாள் அவகாசம் கேட்டார். எரிச்சலோடு கொடுத்தார்கள்.

வெளியே வந்து, வேப்பமரத்தடியில் நின்று மேடம் என்னிடம் சொன்னார். “எனக்குப் பயமா இருக்கு அண்ணே.” ஓர் அதிகாரி அப்படிச் சொல்லி என் சர்வீஸில் நான் கேட்டதில்லை. “நிகில் சொன்னது பொய்யா இருந்தா என் வேலை போகும். நெசமா இருந்தா, நாளைக்கு ஏறுற ஆளு போயிடுவான்.”

விமானி சுவாசிக்கும் காற்று எஞ்சினிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. அதைக் குளிரவைத்து, சுத்தம் செய்து, முகமூடிக்கு அனுப்புகிறார்கள். எஞ்சின் முழு வேகத்தில் ஓடும்போது மட்டும் அதில் ஏதோ கலக்கிறதோ என்பது மேடத்தின் சந்தேகம். கருவிகள் ஆக்ஸிஜனை மட்டும்தான் அளக்கும். வேறு எது கலந்தாலும் அவற்றுக்குத் தெரியாது. மனிதனுக்குத் தெரியும்.

“முன் சீட்டுல நீங்க உக்காந்து எஞ்சினை ஓட்டுங்க. தனி சிலிண்டர்ல மூச்சு விடுங்க. பின் சீட்டுல நான் விமானத்தோட முகமூடியைப் போட்டுக்கறேன்.”

“என்னா மேடம் சொல்றீங்க? வேற யாராச்சும்...”

“யாரை அண்ணே உக்கார வைக்கிறது? சந்தேகம் என்னுது.”

மருத்துவ அதிகாரியிடம் பேசி அவரைச் சம்மதிக்க வைத்தார். ஆம்புலன்ஸ் வந்தது. எஞ்சினைச் சோதிக்கும் தடுப்புச் சுவருக்குள் விமானத்தை இழுத்துப் போய்ச் சங்கிலியில் கட்டினோம். ஏணியில் ஏறுவதற்கு முன் மேடம் என்னைத் தனியே அழைத்தார்.

“கணக்குக் கேட்டா பழக்கத்துல பதில் வந்துடும். பஸ் வழியில வர்ற ஊர்ப் பேரு கேளுங்க. நெல்லிக்குப்பத்துல எங்க மாமா வூடு. லீவுக்கு அங்க போய், கடலூர் போய், அந்த பஸ்லயே திரும்பி வருவோம். கடலூர்லேருந்து நெய்வேலிக்குத் திருப்பிச் சொல்றேன். யோசிச்சாத்தான் வரும். தப்பினா நிறுத்திடுங்க.”

“சரிங்க மேடம்.”

“இன்னொண்ணு. ‘வேணாம், ஓட்டுங்க’ன்னு நான் சொன்னாலும் நிறுத்துங்க. அப்ப பேசறது நான் இல்லை.”

கூரை மூடியது. என் முகத்தில் சிலிண்டரின் ரப்பர் நெடி. கீழே மருத்துவர் எங்கள் பேச்சைக் கேட்கக் காதொலிக் கம்பியோடு நின்றார். எஞ்சின் உயிர் பிடித்ததும் இருக்கை வழியாக அதிர்வு முதுகில் ஏறியது.

“சொல்லுங்க மேடம்.”

“கடலூர். வரக்கால்பட்டு. நெல்லிக்குப்பம். மேல்பட்டாம்பாக்கம். பண்ருட்டி. காடாம்புலியூர். நெய்வேலி ஆர்ச் கேட்.” குரல் கூட்டத்தில் பேசியதைப் போலவே இருந்தது.

வேகத்தைக் கூட்டினேன். மறுபடி சொன்னார். சரியாக இருந்தது. இன்னும் கூட்டினேன். விமானம் சங்கிலியை இழுத்துக்கொண்டு முன்னே குனிந்தது. சரியாகவே சொன்னார். எனக்கு ஒரு பக்கம் நிம்மதி. மறுபக்கம், ஒன்றும் இல்லாமல் போனால் இவர் கதி என்ன என்ற கலக்கம். முழு வேகத்துக்குக் கொண்டுபோய் நிறுத்திக் காத்திருந்தோம். சத்தத்தில் பல் கூசியது.

“மேடம், சொல்லுங்க.”

“கடலூர்... வரக்கால்பட்டு... நெல்லிக்குப்பம்...” வார்த்தைகளுக்கு நடுவே இடைவெளி விழுந்தது. “மேல்பட்டாம்பாக்கம்... நெல்லிக்குப்பம்...”

என் இடது கை வேகத்தைக் குறைக்கும் பிடியை இறுக்கியது.

“அண்ணே” என்றார். குரலில் ஒரு சிரிப்பு இருந்தது. அவரிடம் நான் கேட்டறியாத, பள்ளிக்கூடப் பெண்ணின் சிரிப்பு. “உங்க ஊரு வந்துடுச்சு. எறங்கலையா?”

வேகத்தைக் குறைத்தேன். எஞ்சினை அணைக்கக் கை வைத்தபோது பின்னாலிருந்து கோபமாகக் குரல் வந்தது. “ஏன் நிறுத்தறீங்க? நல்லாத்தானே சொல்லிகினு இருக்கேன்? ஓட்டுங்க!”

அணைத்தேன். கூரையைத் திறந்தேன். இருக்கைப் பட்டையை அவிழ்த்துக்கொண்டு திரும்பிப் பார்த்தபோது அவர் நேராக உட்கார்ந்திருந்தார், கண் திறந்திருந்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை. மருத்துவர் ஏணியில் ஓடி ஏறி முகமூடியைப் பிடுங்கினார். சுத்தமான ஆக்ஸிஜனை வைத்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். ‘மேடம்’ என்பதை மறந்து “பர்வீன், பர்வீன்” என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். மருத்துவர் பிறகு சொன்னார்.

அவருக்குத் தெளிவு வந்ததும் கேட்ட முதல் கேள்வி, “எங்க தப்பினேன்?”

“பண்ருட்டியே வரல மேடம்.”

“ஆனா எனக்கு எல்லாம் சரியா சொல்ற மாதிரிதான் இருந்தது.” பிறகு, “நிகிலுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்” என்றார். அப்போதுதான் அவர் கண் கலங்கியது.

மூடிகளைத் திறந்தார்கள். காற்றைக் குளிர்விக்கும் பகுதியில் மயிரிழை போல் ஒரு விரிசல் இருந்தது. எஞ்சின் முழு வேகத்தில் சூடாகும்போது மட்டும் அது வாய் திறந்து, எண்ணெய்ப் புகையை உள்ளே விட்டிருக்கிறது. குளிர்ந்தால் மூடிக்கொள்ளும். மற்ற விமானங்களையும் திறந்தபோது இன்னொன்றிலும் அது தொடங்கியிருந்தது. விழா தள்ளிப்போனது. நிகிலைப் பற்றிய பேச்சு ஒரே நாளில் நின்றது.

இந்த இடத்தில் மேடத்துக்குப் பாராட்டு கிடைத்தது என்று எழுத ஆசைதான். நடந்தது வேறு. அனுமதி பெறாமல் தன்னையும் ஓர் ஊழியரையும் ஆபத்துக்கு உள்ளாக்கினார் என்று அவர்மீது விசாரணை வந்தது. அந்த ஊழியர் நான்தான். ‘நான் மனமறிந்து உட்கார்ந்தேன்’ என்று சாட்சி சொன்னேன். அது அவருக்கு அதிகம் உதவவில்லை. குழப்பத்துக்குக் காரணம் விரிசல் என்பதை எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் விழா நின்றதற்குக் காரணம் அவர்தான் என்பதை யாரும் மறக்கவில்லை. ஒரு பயிற்சி மையத்துக்கு மாற்றினார்கள். அதற்கு மேல் பதவி உயர்வு வரவில்லை. கிளம்பும் அன்று நான் ஏதோ புலம்பியபோது, “கூட்டத்துல கேட்டாரே, அந்த சார் கெட்டவர் இல்லை அண்ணே. அவருக்கு மேல இருக்கறவங்க அவர்கிட்டயும் ஆமாவா இல்லையான்னுதான் கேட்டிருப்பாங்க” என்றார். மேடத்தின் இந்தப் பெருந்தன்மை எனக்கு அன்றும் பிடிக்கவில்லை. இன்றும் முழுதாகப் பிடிபடவில்லை.

ஓய்வு பெற்று அத்தாவைப் பார்த்துக்கொள்ள நெய்வேலிக்கே வந்தார். நானும் பிறகு ஊர் திரும்பினேன். போன வருடம் அவருக்கு நோய் கண்டது. புற்றுநோய். அந்தச் சோதனையால் வந்ததோ என்று நான் மனதுக்குள் புழுங்கிக்கொண்டிருந்ததை எப்படியோ கண்டுபிடித்து, “டாக்டர்கிட்ட நானே கேட்டுட்டேன். அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லையாம். நீங்க உங்க தோப்பைப் பாருங்க” என்று அதட்டினார். கடைசியாகப் பார்த்தபோது மெலிந்திருந்தார். நான் கொண்டுபோன பலாச்சுளையில் பாதியைச் சாப்பிட்டுவிட்டு, இது காடாம்புலியூர்ப் பழம் இல்லை, பண்ருட்டி சந்தையில் வாங்கியது என்று கண்டுபிடித்துச் சிரித்தார். உண்மைதான்.

ஒன்றை மட்டும் இன்னும் சொல்லவில்லை. தள்ளிப்போன விழா, மேடம் ஓய்வு பெற்ற வருடத்தில் அதே தளத்தில் நடந்தது. அவருக்கு அழைப்பு போகவில்லை. நான் அப்போது இன்னும் சர்வீஸில் இருந்தேன். நிகில்தான் அந்த இரட்டை இருக்கை விமானத்தை ஓட்டினார். பழுது நீங்கி, எல்லாச் சோதனையும் முடிந்துதான் பறக்கிறது. ஆனாலும் அவர் இருக்கையில் ஏறியபோது என் கண் அவர் கையுறையிலேயே இருந்தது. விமானங்கள் ஓடுபாதைக்குப் போனதும் மேடத்தை அழைத்தேன்.

“டி.வி.ல பாத்துகினு இருக்கேன் அண்ணே. அத்தாவும் பக்கத்துல இருக்காங்க.”

விமானங்கள் மேடைக்கு மேலே இடிமுழக்கமாகப் பறந்தன. நிகில் தன்னுடையதைச் செங்குத்தாக மேலே ஏற்றி மேகத்துக்குள் மறைத்தார். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. எதிரியின் கண்ணுக்குத் தெரியாதது அந்த நிமிடம் எங்கள் கண்ணுக்கும் தெரியவில்லை. பிறகு ஒலிபெருக்கியில் உரைகள் தொடங்கின. விழா நல்லபடி முடிந்தது என்று சொல்லி போனை வைக்கப் போனேன்.

“வைக்காதீங்க” என்றார். “டி.வி.ல மேடையைக் காட்ட ஆரம்பிச்சுட்டாங்க. இறங்கறதைக் காட்ட மாட்டாங்க. நீங்க பாத்துச் சொல்லுங்க.”

நான் ஓடுபாதையின் பக்கம் நடந்தேன். போனில் அவர் மூச்சு மட்டும் கேட்டது. முதல் விமானம் வந்தது. சக்கரங்கள் கீழே இருந்தன. தொட்டது. “ஒண்ணு இறங்கிடுச்சு மேடம்.” அடுத்தது வந்தது. அதையும் சொன்னேன். நிகிலுடையது கடைசியாக வந்தது. வெயிலில் அதன் சக்கரங்கள் இருக்கின்றனவா என்று தெரியாமல் கையைக் கண்ணுக்கு மேல் வைத்துப் பார்த்தேன். இருந்தன. ரப்பர் தரையைத் தொட்டுப் புகைந்தது, ஓடியது, மெதுவாகித் திரும்பியது. கூரை திறந்தது. நிகில் முகமூடியைக் கழற்றினார். கையுறைப் பட்டையை ஒரே இழுப்பில் அவிழ்த்தார். நான் பார்த்ததை அப்படியே சொன்னேன்.

நீளமாக ஒரு மூச்சு விட்டார். “சரி அண்ணே. வச்சுடறேன். அத்தாவுக்குச் சாப்பாடு போடணும்.”

அந்த விழாவின் படங்கள் பலர் வீட்டுச் சுவரில் இருக்கின்றன. என் வீட்டில் ஒன்றுகூட இல்லை. நான் வைத்திருப்பது அந்தக் காத்திருப்பை மட்டும்தான். எல்லோரும் கைதட்டி உட்கார்ந்த பிறகும், இன்னும் மேலே இருப்பவர்களுக்காக நெய்வேலியில் ஒரு குவார்ட்டர்ஸின் கூடத்தில் போனைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்தப் பெண்ணை. பந்தலில் என்னிடம் கேட்ட நண்பரே, ஆமாம், அவர் பறக்கவில்லை. பறந்தவர்கள் வீடு திரும்பினார்கள்.